மரையின் காதுக்கு எட்டாத சப்பாத்து



விக்டோரியாவின் மலைக்காடுகளைப் பற்றி நமது வானொலியில் நான் பேசத் தொடங்கிய பிறகு அதிகமாக வந்த கேள்வி துவக்கைப் பற்றியதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். சப்பாத்தைப் பற்றித்தான் பலரும் கேட்கிறார்கள். "மரை வேட்டைக்குப் போக எந்தச் சப்பாத்து வாங்கலாம்? எது சத்தம் போடாது?" என்பதே கேள்வி. பதினைந்து நிமிடப் பேச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் இல்லை என்பதால் இந்த மாத இதழில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மரை எப்படி இங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் நாம் மரை என்றும் தமிழகத்தில் கடமான், மிளா என்றும் சொல்லும் அதே விலங்குதான் இங்கே 'சம்பார்' என்ற பெயரில் உலாவுகிறது. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டு மெல்பேர்ணைச் சுற்றியுள்ள இடங்களில் அவிழ்த்துவிடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இன்று மான்ஸ்பீல்ட், லிக்கோலா, டார்கோ, மிர்ற்றில்ஃபோர்ட் பக்க மலைகளெங்கும் பரவியிருக்கின்றன. இலங்கையில் மரையைக் கொல்வது சட்டப்படி குற்றம். இங்கே அது காட்டுக்கு அந்நியமான விலங்கு. இளமரங்களின் பட்டையை உரித்தும், ஓடைக்கரைகளைச் சேறாக்கியும் காட்டைப் பாதிக்கிறது. ஆகவே துவக்குக்கான பொலிஸ் அனுமதிப்பத்திரமும், மான் வேட்டைக்கான அனுமதிப்பத்திரமும் வைத்திருப்பவர்கள், அனுமதிக்கப்பட்ட காடுகளில் பகல் வேளையில் பதுங்கிச் சென்று வேட்டையாடலாம்.

உயிர்க்கொலையே வேண்டாம் என்று வாழும் நேயர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய மனதை மதிக்கிறேன். கமெராவோடு காட்டுக்குள் போகிறவர்களுக்கும், பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பயன்படும். ஆகவே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

சத்தமில்லாமல் போவது எதற்காக?

வளர்ந்த ஆண் மரை தோள் உயரத்தில் ஏறத்தாழ 130 சென்ரிமீற்றர் இருக்கும். நிறை 300 கிலோ வரை போகலாம். இவ்வளவு பெரிய விலங்கைத் தூரத்திலிருந்து, அதுவும் அது மிரண்டு ஓடும்போது சுட்டால், வெடி படவேண்டிய இடத்தில் படாது. காயத்தோடு ஓடி, செங்குத்தான பள்ளத்தில் பிளாக்பெரி முட்பற்றைக்குள் விழுந்து மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். நம்மால் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாமற் போகலாம். அதுதான் பாவம். மரை நம்மை அறியாமல், அமைதியாக மேய்ந்துகொண்டு, பக்கவாட்டாக, கிட்டிய தூரத்தில் நிற்கும்போது வைக்கும் ஒரு வெடி அதற்கு வேதனை தெரியாத முடிவைக் கொடுக்கும். அந்தக் கிட்டிய தூரத்துக்கு நம்மைக் கொண்டுபோவது கால். அதனால்தான் சப்பாத்தைப் பற்றிய கேள்வியைச் சின்ன விடயமாக நான் எடுப்பதில்லை.

மரையின் காதைக் கவனித்திருப்பீர்கள். கைவிரித்தது போல அகலமாக இருக்கும். இரண்டு காதையும் தனித்தனியாக வெவ்வேறு திசைக்குத் திருப்பும். நமக்கு ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். மான் இனத்துக்கு அதற்கும் மேலான கூரிய ஒலிகள் கேட்கும். சந்தேகம் வந்தால் முன்காலை நிலத்தில் 'தொம்' என்று அடிக்கும். பிறகு மலையே அதிரும்படி ஒரு கனைப்பு. இலங்கைக் காடுகளில் சிறுத்தை வருகிறது என்று மற்ற விலங்குகளுக்கு அறிவிப்பதும் இதே கனைப்புத்தான். அதைக் கேட்டுவிட்டால் அன்றைய நாள் அந்தப் பள்ளத்தாக்கில் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்டிக்கொடுக்கும் சத்தங்கள்

நம்முடைய கால் எழுப்பும் சத்தங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, சுள்ளி முறியும் சத்தம். குறுகியது, கூரியது, வெகுதூரம் போகும். இதுதான் முதல் எதிரி.

இரண்டாவது, சருகு நொறுங்கும் சத்தம். இங்குள்ள யூக்கலிப்ரஸ் மரங்கள் கோடையில்தான் அதிகமாக இலை உதிர்க்கின்றன. பட்டையும் நீள நீளமாக உரிந்து கீழே விழுகிறது. பெப்ரவரி மாதத்தில் அதன்மேல் நடப்பது பொரித்த அப்பளத்தின்மேல் நடப்பது போல.

மூன்றாவது, உரசல். கடினமான இறப்பர் அடி கல்லில் தேய்வது, நனைந்த தோல் கிறீச்சிடுவது, நைலோன் காற்சட்டையில் கொடி உராய்வது எல்லாம் இதில் அடங்கும். காட்டில் இயற்கையாக எழாத சத்தங்கள் என்பதால் மரை இவற்றை உடனே பிரித்தறியும்.

நான்காவது, குதிக்கால் நிலத்தில் இடிக்கும் சத்தம். நகரத்துச் சீமெந்தில் நடந்து பழகிய நாம் குதியைத்தான் முதலில் ஊன்றுவோம். முழு உடம்பின் பாரமும் அதில் விழும்.

இந்த நான்கில் உரசலைச் சப்பாத்தே பெருமளவு குறைக்கும். குதியின் இடியைச் சப்பாத்தும் நடையும் சேர்ந்து குறைக்கும். சருகின் சத்தத்துக்கு நாளைப் பார்த்துப் போகவேண்டும். மழை பெய்த மறுநாள் காட்டுத்தரை ஈரச் சாக்குப் போல இருக்கும். சுள்ளி முறியாமல் இருக்க ஒரே வழி, பாரத்தை வைப்பதற்கு முன் அது அங்கே இருப்பதைக் கால் உணர்வதுதான். ஆகவே சத்தம் போடாத சப்பாத்து என்று நான் சொல்வது, நிலத்தில் என்ன கிடக்கிறது என்பதைக் காலுக்குச் சொல்லும் சப்பாத்தை.

வகைகளும் அவற்றின் குணங்களும்

*தடித்த தோல் மலைச் சப்பாத்து.* கணுக்காலைக் கட்டிப் பிடிக்கும். சரிவில் விளிம்பை ஊன்றி நிற்கலாம். இறைச்சிச் சுமையோடு இறங்கும்போது இதற்கு நிகர் இல்லை. ஆனால் அடிப்பாகம் பலகை போல விறைப்பானது. கீழே விரல் தடிப்புச் சுள்ளி கிடந்தாலும் கால் அறியாது. முறிந்த பிறகு காதுதான் அறியும்.

*மென்மையான அடியுள்ள நடைச் சப்பாத்து.* கணுக்காலுக்குச் சற்று மேல்வரை வரும், நிறை குறைந்த வகை. அடி வளைந்துகொடுக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கணுக்காலுக்கும் ஓரளவு துணை உண்டு, நிலமும் ஓரளவு தெரியும்.

*கன்வஸ் சப்பாத்து.* 1939ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் புழங்கும் டன்லப் வொலி என்ற ரெனிஸ் சப்பாத்தை இங்குள்ள காட்டுநடைக்காரர் பலர் நீண்டகாலம் விரும்பி அணிந்தார்கள். மெல்லிய அடி, மீன்முள் போன்ற வரி, ஈரக் கல்லிலும் பிடிப்பு, விலையும் குறைவு. கீழே கிடப்பது எல்லாம் காலுக்குத் தெரியும். ஆனால் கணுக்காலுக்குத் துணை கிடையாது. முள்ளும் பாம்பும் உள்ள இடத்தில் பாதுகாப்பும் கிடையாது.

*இறப்பர் பூட்ஸ்.* நியூசிலாந்தில் மான் வேட்டைக்கு இதை அணிபவர்கள் உண்டு. ஈரச் சதுப்பில் நல்லது, உரசல் குறைவு. விக்டோரியாவின் செங்குத்துச் சரிவில் குறுக்காக நடக்கும்போது பூட்ஸுக்குள்ளேயே கால் வழுக்கும். வியர்வையும் வெளியேறாது.

*விரல் பிரித்த ஜப்பானியச் சப்பாத்து.* அங்கே கட்டடத் தொழிலாளரும் விவசாயிகளும் அணிவது. பெருவிரல் தனியாக இருப்பதால் கால் நிலத்தைக் கிட்டத்தட்ட வெறுங்கால் போலவே உணரும். வில் வேட்டைக்காரர் சிலர் விரும்புகிறார்கள். பழக்கமில்லாத பாதத்துக்கு ஒரு மணி நேரத்திலேயே வலி எடுக்கும்.

*மேலே இழுக்கும் கம்பளி மேசு.* இது சப்பாத்து அல்ல, ஓர் உபாயம். தடித்த கம்பளி மேசு ஒரு சோடியைச் சட்டைப்பையில் வைத்திருந்து, மரையைக் கண்ட பிறகு கடைசி ஐம்பது, அறுபது மீற்றருக்குச் சப்பாத்துக்கு மேலாக இழுத்துக்கொள்ளலாம். உரசல் சத்தம் அமுங்கிவிடும். சுள்ளிக்கு மட்டும் இது பதில் சொல்லாது.

ஊரில் பாட்டா செருப்போடு வயலும் வரம்பும் ஏறி இறங்கியவர்கள், "வெறுங்காலோடு போனால் என்ன?" என்று கேட்பதுண்டு. வெறுங்காலைவிடச் சத்தம் குறைந்தது எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஜூலை மாதத்து விடியலில் உறைபனி மூடிய சரிவில் பாதம் பத்து நிமிடத்தில் மரத்துவிடும். மரத்த கால் எதையும் உணராது. அதோடு வெறுங்காலின் நன்மையும் போய்விடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

பின்னேரத்தில் போங்கள். நாள் முழுவதும் நடமாடிய பிறகு கால் சற்று வீங்கியிருக்கும். காட்டிலும் அப்படித்தான் இருக்கும். காட்டில் அணியப்போகும் கம்பளி மேசையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் நகம் இடிபட்டுக் கறுத்துவிடும். கடைக்காரரிடம் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள்.

பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்துக் குதியையும் நுனியையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் மடியக் கூடாது. ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். கொஞ்சமும் முறுகாதது பதுங்கிப் போக உதவாது. முழுக்க முறுகுவது சரிவில் உங்களைத் தாங்காது. இரண்டுக்கும் இடைப்பட்டதை எடுங்கள்.

அடிப்பாகத்தை விரல் மொளியால் தட்டுங்கள். 'டொக்' என்றால் கடினம். மந்தமான சத்தம் வந்தால் மென்மையான இறப்பர். நகத்தால் அழுத்தினால் சற்று அமிழ வேண்டும். பற்கள் ஆழமாகவும் நெருக்கமாகவும் இருந்தால் களிமண்ணை அள்ளிச் சுமந்து, நடக்கும்போது கட்டிகட்டியாக உதிர்க்கும். சற்று இடைவெளி விட்ட, நடுத்தர ஆழமுள்ள பற்கள் நல்லது.

நாடா மாட்டும் இடத்தில் உலோகக் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதிக் 'கிளிக்' என்கின்றனவா என்று பாருங்கள். துணிப் பட்டை ஒட்டினால் தீரும். ஒட்டிப் பிரிக்கும் வெல்குரோப் பட்டி வேண்டவே வேண்டாம். காட்டின் நடுவில் அதைப் பிரிப்பது சீலையைக் கிழிப்பது போல் இருக்கும். நீர் புகாத உட்படலம் உள்ளவை குளிருக்கு நல்லவை. ஆனால் ஓடையைக் கடக்கும்போது மேலால் தண்ணீர் புகுந்துவிட்டால் எளிதில் காயாது. காயும்வரை ஒவ்வொரு அடிக்கும் 'சளக், சளக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேரே காட்டுக்குப் போகவேண்டாம். கொப்புளம் வந்தவன் பதுங்க மாட்டான், நொண்டுவான். மூன்று நான்கு வாரம் தோட்ட வேலைக்கும் நடைக்கும் அணியுங்கள். இரவில் வெளியே காற்றாட வையுங்கள். பசை மணமும் போய்விடும். மரையின் மூக்கு அதன் காதுக்குச் சளைத்தது அல்ல.

சப்பாத்துக்குள் இருக்கும் கால்

எவ்வளவு நல்ல சப்பாத்தும் அவசர நடையை மறைக்காது. அடியைச் சிறிதாக வையுங்கள். பாரம் முழுவதும் பின்காலில் இருக்க, முன்பாதத்தின் வெளி விளிம்பை முதலில் மெதுவாகத் தொட விடுங்கள். சுள்ளி தட்டுப்பட்டால் காலை எடுத்து வேறிடம் வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பாதத்தை உள்ளே உருட்டி, பிறகு குதியை இறக்கி, கடைசியாகப் பாரத்தை மாற்றுங்கள். எழுத்தில் நீளமாக இருக்கிறது. பழகினால் தானாக வரும். வீட்டு வளவில் காய்ந்த இலைகளைப் பரப்பி நடந்து பாருங்கள்.

மனிதன் நடக்கும் தாளம் ஒன்று உண்டு: இடம், வலம், இடம், வலம் என்று நிற்காமல் போகும். காட்டில் அநேகமாக எந்த விலங்கும் அப்படிப் போவதில்லை. வொலபி இரண்டு துள்ளல் துள்ளி நிற்கும். லயர் பறவை சருகைக் கிளறிக் கிளறி ஓயும். நாமும் மூன்று அடி, ஒரு நிறுத்தம், இரண்டு அடி, நீண்ட நிறுத்தம் என்று போனால் சிறு சத்தம் எழுந்தாலும் மரை அதைப் பெரிதாக எடுக்காது. தவறிச் சுள்ளி முறிந்தால் அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். காற்று வீசி இலைகள் சலசலக்கும்போது நகருங்கள், அடங்கும்போது நில்லுங்கள். ஓடைச் சத்தம் இருக்கும் பக்கமாகப் போங்கள். மரைகளே மிதித்து உண்டாக்கிய ஒற்றையடித் தடங்களில் சுள்ளிகள் ஏற்கெனவே நொறுங்கியிருக்கும். அவை நமக்காகப் போட்ட பாதை மாதிரி.

காற்றின் திசையை மறந்துவிட்டுச் சப்பாத்தை மட்டும் நம்பாதீர்கள். விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். வெயில் ஏறியதும் சரிவு வழியே மேலே ஏறும். அது நம் மணத்தை மரையிடம் கொண்டுபோனால் பட்டுப்பாதம் இருந்தும் பயனில்லை.

திரும்பி வரவும் வேண்டும்

மென்மையான சப்பாத்தைப் பற்றிச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை. இந்த மலைகளில் பெரும்பாலான பள்ளங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. வொம்பற் வளைக்குள் கால் புகுந்து கணுக்கால் திரும்பினால், வாகனம் நிற்கும் இடம் இரண்டு கிலோமீற்றரில் இருந்தாலும் அது இருபது போலத்தான். குளிர்கால இரவில் அங்கே கிடப்பது உயிருக்கே ஆபத்து.

ஆகவே நான் செய்வது இதுதான். தடித்த தோல் சப்பாத்தோடு முகடுவரை நடக்கிறேன். பதுங்கத் தொடங்கும் இடத்தில் முதுகுப்பையில் இருக்கும் மெல்லிய சோடிக்கு மாறுகிறேன். இறைச்சியோடு திரும்பும்போது மறுபடி தடித்தது. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடிய சுமைதான். இரண்டு சோடி வாங்க வசதியில்லாதவர்கள், கணுக்காலுக்கு மேல் வரும் நடுத்தர வகை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சத்தத்தில் சற்று இழப்பீர்கள். காலை இழக்க மாட்டீர்கள்.

பாம்பை மறக்கக் கூடாது. ரைகர் பாம்பும் கொப்பர்ஹெட் பாம்பும் இந்தக் காடுகளில் உண்டு. குளிர்காலத்தில் பெரும்பாலும் ஒடுங்கிவிடும். சருகு ஈரமாகிச் சத்தம் அடங்கும் காலமும் அதுவே. கோடையில் போவதென்றால் உயரமான சப்பாத்தும், முழங்கால்வரை கன்வஸ் காலுறையும் அணியுங்கள். நைலோன் வகை உராயும்போது சீறும். அகலமான இழுபடும் பந்தணத் துணி இரண்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும். கடித்த இடத்தைக் கழுவவோ, கீறவோ, உறிஞ்சவோ கூடாது. முழுக் காலையும் இறுக்கமாகச் சுற்றி, தடி வைத்துக் கட்டி, ஆளை அசையாமல் வைத்து உதவி கேட்க வேண்டும். தொலைபேசி கிடைத்தால் 000. கிடைக்காத இடத்துக்கு, செய்மதி வழியாக இடத்தைக் காட்டும் அவசர அறிவிப்புக் கருவி ஒன்றைப் பதிவுசெய்து கொண்டுபோங்கள்.

செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் அணியுங்கள். சிவப்பையும் செம்மஞ்சளையும் நாம் காண்பது போல மான்களால் காண முடியாது. அதே காட்டில் துவக்கோடு நிற்கும் மற்ற மனிதர் காண்பார். சத்தமில்லாமல் நடப்பவருக்கு இது இரட்டிப்பு அவசியம், ஏனென்றால் நீங்கள் வருவது அவருக்கும் கேட்காது.

வீடு திரும்பியதும் சப்பாத்தின் அடியில் உள்ள மண்ணைத் துலக்கி, 70 சதவீத மெதிலேற்றட் ஸ்பிரிற் தெளித்துக் காயவிடுங்கள். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும். பாங்ஸியா, புல்மரம் போன்றவை அதனால் கூட்டமாக அழிகின்றன. அடுப்புக்கு முன்னால் வைத்துத் தோலைக் காய்ச்சாதீர்கள், வெடித்துவிடும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

விலை கூடிய சப்பாத்துத்தான் சத்தம் போடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளையும் அடி, பொருந்தும் அளவு, ஈரமான நாள், அவசரமில்லாத கால், இந்த நான்கும் சேர்ந்தால் போதும். முதல் நாலைந்து முறை துவக்கை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வெறும் கையோடு போய் வாருங்கள். மரை உங்களைக் காணுமுன் நீங்கள் மரையைக் காணும் நாள் வரும். அதற்குப் பிறகு துவக்கைப் பற்றிப் பேசலாம்.

கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த பேச்சில் பதில் சொல்கிறேன்.